பட்டும் பாக்கியும்

படம் தொடங்கி அரைமணி நேரம் ஆகியிருக்கும். வெற்றிலைப் பெட்டியை மூடி ஓரமாக வைத்துவிட்டு என் அத்தை கேட்டார்: “ஏனுங் மாப்ளே, அந்தப் புள்ள பேர்ல இப்ப எவ்வளவுங் பாக்கி நிக்குது?” சிறுமுகையில் நாற்பது ஆண்டுகள் பட்டு நெய்த கை அவருடையது. ஜப்பான் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் சிரித்துவிடுவார். ஆனாலும் அந்த வீட்டில் கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பதை என்னைவிட விரைவாகக் கண்டுகொண்டார். ‘மெமாய்ர்ஸ் ஆஃப் எ கெய்ஷா’ என்ற இந்தப் படத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் தனியாகப் பார்த்தபோது அழகான காதல் கதை என்று எண்ணி எழுந்துபோனவன் நான். சென்ற மாதம் சென்னிமலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், வசனங்களை அத்தைக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை பார்த்தபோதுதான், இந்தப் படம் கடனைப் பற்றிப் பேசும் இடங்களில் உயிரோடும் காதலைப் பற்றிப் பேசும் இடங்களில் உயிரற்றும் இருப்பது உறைத்தது.

ராப் மார்ஷல் இயக்கி 2005இல் வெளிவந்த படம் இது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் முதலில் தாமே இயக்க எண்ணியிருந்து, பின்னர் தயாரிப்பாளர்களில் ஒருவராக நின்றுகொண்டார். அமெரிக்கரான ஆர்தர் கோல்டன் 1997இல் எழுதிய நாவலே கதைக்கு மூலம். கடலோர மீனவக் கிராமம் ஒன்றில், தாய் படுத்த படுக்கையாகிவிட, வறுமை தாளாத தந்தை தம் இரண்டு மகள்களையும் விற்றுவிடுகிறார். மூத்தவள் விலைமாதர் தெருவுக்குப் போகிறாள். ஒன்பது வயதான இளையவள் சியோ, ஜப்பானின் கியோட்டோ நகரில், ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் கெய்ஷாக்களின் வீடு ஒன்றுக்கு வருகிறாள். சியோ எவ்வாறு சாயூரி என்ற புகழ்பெற்ற கெய்ஷாவாகிறாள், போர் அந்த உலகத்தை எவ்வாறு கலைத்துப்போடுகிறது, சிறுவயதில் தன்னிடம் அன்பு காட்டிய சேர்மன் என்ற மனிதரை அவள் எவ்வாறு அடைகிறாள் என்பதே 145 நிமிடக் கதை.

கெய்ஷாக்கள் தங்கும் வீட்டை ஒக்கியா என்கிறார்கள். அதன் தலைவி எல்லோருக்கும் அம்மா. பெண்ணை வாங்கிய விலை, அவள் உண்ணும் சோறு, உடுத்தும் துணி, நடனப் பள்ளிக்கும் மூன்று தந்தி ஷாமிசென் வாத்தியத்துக்கும் கட்டும் கட்டணம், காய்ச்சல் வந்தால் வைத்தியர் செலவு என அனைத்தும் அவள் பெயரில் பற்று எழுதப்படும். அவள் பின்னாளில் சம்பாதிப்பது வீட்டுக்கே சேர்ந்து, அந்தப் பற்று மெல்லக் கழியும். சியோ கூரைவழியாகத் தப்பி ஓட முயன்று, தவறி விழுந்து படுத்திருக்கும்போது, கவோரி மொமோயி நடித்த அந்த ‘அம்மா’ புகையிலைக் குழாயைப் பிடித்தபடி ஒவ்வொரு செலவாகச் சொல்லிக் கணக்கு ஒப்பிக்கும் காட்சி, இந்தப் படத்தில் மனத்தை விட்டு அகலாத காட்சிகளில் ஒன்று. அவர் குரலை உயர்த்தவே இல்லை. கடன் கொடுத்தவர் கத்த வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

இந்தக் காட்சியின் கனத்தை உணர நமக்கு ஜப்பானிய வரலாறு தேவைப்படாது. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிக் கூடங்களில் ‘பாக்கி’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அறிந்த எவருக்கும் அது புரியும். தறிக்காரர் வேலைக்குச் சேரும்போது முதலாளியிடம் வாங்கும் முன்பணம்தான் பாக்கி. அது தீராமல் அடுத்த கூடத்துக்குப் போக முடியாது. போக வேண்டுமானால் புது முதலாளி பழைய முதலாளிக்குப் பாக்கியைக் கட்டி ஆளைக் கூட்டிக்கொண்டு போவார். நூற்பாலைகளில் இன்னொரு முறை இருந்தது. தொலைவிலுள்ள வறண்ட ஊர்களிலிருந்து பதின்ம வயதுப் பெண்களை அழைத்து வந்து, விடுதியில் தங்கவைத்து, ஏறக்குறைய மூன்றாண்டு வேலை முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொன்னார்கள். ‘சுமங்கலித் திட்டம்’ என்று அதற்கு மங்கலப் பெயரும் வைத்தார்கள். இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. விற்கப்படுவது வேறு, வேலைக்கு அமர்த்தப்படுவது வேறு. ஆனால் பூட்டிய வாயிற்கதவின் உட்புறம் நின்று வெளித்தெருவைப் பார்க்கும் சிறுமியின் முகத்தை, குழந்தை சியோவாக நடித்த சுசூகா ஓகோ காட்டும்போது, கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே பேருந்தில் போகையில் ஆலை விடுதிகளின் சன்னல்களில் கண்ட முகங்கள் என் நினைவுக்கு வந்தன.

படத்தின் முதல் முக்கால் மணி நேரத்தைத் தாங்கி நிற்கும் மற்றொருவர் ஹட்சுமோமோவாக வரும் கோங் லி. அந்த வீட்டின் செலவு முழுவதும் இவள் சம்பாத்தியத்தில் ஓடுகிறது. ஆனால் வீடு இவளுடையது அன்று. இவளுக்கு ஒரு காதலன் உண்டு. ஆனால் காதலிக்கும் உரிமை கிடையாது. தன் இடத்தைப் பிடிக்க வந்த குழந்தை என்று சியோவை முதல் பார்வையிலேயே மோப்பம் பிடித்துவிடுகிறாள். போட்டிக்காரியான மமேஹாவின் விலையுயர்ந்த கிமோனோவில் சியோவின் கையாலேயே மையைப் பூசவைத்து, பழியையும் அவள் மேலேயே போடுகிறாள். கதையின்படி இவள் வில்லி. ஆனால் கோங் லி இவளை வில்லியாக நடிக்கவில்லை. குடித்துவிட்டுக் கலைந்த கூந்தலோடு படியேறும்போதும், தன் அழகு மங்கத் தொடங்கிவிட்டதைக் கண்ணாடியில் அளக்கும்போதும், அந்த வீட்டின் கடனில் முழுவதுமாக மூழ்கிப்போன ஒருத்தியின் சினமே தெரிகிறது. தீவைத்துவிட்டு அவள் தெருவில் இறங்கி நடந்து மறையும்போது படத்தின் பாதி உயிர் அவளோடு போய்விடுகிறது. சாயூரியாக மிச்சக் கதையை நடத்திச் செல்லும் ஜாங் சியி அழகாகவும் அடக்கமாகவும் நடித்திருக்கிறார். குறை சொல்ல ஒன்றுமில்லை. நினைவில் வைத்துக்கொள்ளவும் அதிகமில்லை.

இனி துணி. அத்தை இமைக்காமல் பார்த்தது இதைத்தான். ஒளிப்பதிவு, கலை இயக்கம், உடை வடிவமைப்பு ஆகிய மூன்றுக்கும் இந்தப் படம் ஆஸ்கர் பெற்றது. மூன்றும் தகும். டியோன் பீபியின் ஒளிப்பதிவில் பட்டு எரிவிளக்கின் பக்கத்தில் ஒரு நிறமாகவும், மழைநாள் பகலில் வேறு நிறமாகவும் இருக்கிறது. பாவு ஒரு நிறத்திலும் ஊடை ஒரு நிறத்திலும் ஓட்டி நெய்த துணியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இந்த மகிழ்ச்சி புதிதாக இராது. ஆனால் திரையில் அதைக் கொண்டுவருவது எளிதன்று. கியோட்டோவின் தெருவைப் பெரும்பகுதி கலிஃபோர்னியாவில் அரங்கமாக அமைத்தே எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது அத்தை நம்பவில்லை. சிறுமி சியோ சிவந்த தோரி வாயில்களின் ஊடே ஓடும் புகழ்பெற்ற காட்சி உண்மையிலேயே கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோவிலில் எடுத்தது. வணிகர்கள் வேண்டுதலுக்காக நிறுத்திய அந்த ஆயிரக்கணக்கான வாயில்களில் கொடுத்தவர் பெயர் பொறித்திருக்கும். நம் ஊர்க் கோவில்களின் குழல்விளக்கில் ‘உபயம்’ என்று எழுதுவதை ஏளனம் செய்பவர்கள் கவனிக்கலாம்.

கியோட்டோவைப் பற்றி ஒரு செய்தியைப் படம் சொல்லவில்லை. ஈரோட்டுப் பக்கத்து ஆட்களுக்கு அது சுவையாக இருக்கும். 1869இல் தலைநகரம் டோக்கியோவுக்குப் போய்விட்ட பிறகு கியோட்டோ தளர்ந்து கிடந்தது. அந்த நகரம் எழுந்து நிற்கத் தறியையும் ஆட்டத்தையும் பற்றிக்கொண்டது. 1872இல் கியோட்டோவின் நெசவுப் பகுதியான நிஷிஜினின் நெசவாளர்கள் சிலர் பிரான்சின் லியோன் நகருக்கு அனுப்பப்பட்டு, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்யும் ஜக்கார்டு தறியின் தொழில்நுட்பத்தைக் கற்று வந்தார்கள். அதே 1872இல்தான் நகரத்தில் நடந்த கண்காட்சியை ஒட்டி, கியோன் பகுதிக் கெய்ஷாக்கள் மேடையேறி ஆடும் ‘மியாகோ ஓதோரி’ என்ற வசந்தகால ஆட்டவிழாவும் தொடங்கியது. ஆக, கெய்ஷாவின் இடுப்புக் கச்சையில் பூ விழவைக்கும் துளையிட்ட அட்டையும், அவள் மேடையில் வைக்கும் அடியும் ஒரே ஊரின் ஒரே பிழைப்பிலிருந்து கிளைத்தவை. சென்னிமலைப் போர்வைக்கும் சிறுமுகை மென்பட்டுக்கும் அட்டை கோத்த கைகளுக்கு இந்த உறவு உடனே விளங்கும்.

நம் புடவையில் நெய்பவரின் உழைப்பெல்லாம் முந்தியில் போய் உட்காரும். அங்கே அது ஒபி என்ற அந்தக் கச்சையில் போய் உட்காருகிறது. பயிற்சி நிலையிலுள்ள இளம்பெண்ணை கியோட்டோவில் மைக்கோ என்பார்கள். அவள் முதுகில் தொங்கவிட்டுக் கட்டும் கச்சை ஐந்து மீட்டருக்கும் மேல், ஏறக்குறைய ஒரு புடவை நீளம். அதன் நுனியில் அவள் சார்ந்த ஒக்கியாவின் குறி நெய்யப்பட்டிருக்கும். கட்டியிருக்கும் கிமோனோ அவளுக்குச் சொந்தமானதன்று, வீட்டுக்குச் சொந்தம். வீட்டை விட்டுத் தனித்துப் போகும்போது திருப்பி வைத்துவிட வேண்டும். உடம்பின் மீதே பாக்கியின் முத்திரையைச் சுமக்கும் இந்த வழக்கத்தைவிட இந்தக் கதைக்குப் பொருத்தமான படிமம் வேறென்ன இருக்க முடியும்? படம் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. துணியின் மினுமினுப்பு இயக்குநருக்குத் தெரிந்த அளவுக்குத் துணியின் கணக்கு தெரியவில்லை. கூந்தலும் அப்படித்தான். மைக்கோக்கள் தம் சொந்த முடியையே எண்ணெய் மெழுகிட்டு வாரிக் கட்டி, அது கலையாமலிருக்க உயரமான கட்டைத் தலையணையில் கழுத்தை வைத்து நாள்கணக்கில் உறங்குவார்கள். படத்தில் விளம்பரப் பெண்களைப் போலக் கூந்தலை அவிழ்த்து விட்டுக்கொண்டு வருகிறார்கள்.

என் பெரிய மனக்குறை பயிற்சிக் காட்சிகளில். ‘கெய்’ என்றால் கலை. கெய்ஷா என்றால் கலையில் வல்லவர். ஆடல், பாடல், வாத்தியம், தேநீர் வழங்கும் முறை, பேச்சு என்று ஆண்டுக்கணக்கில் கற்று ஏறும் தொழில் அது. மமேஹா சாயூரியைத் தன் இளைய சகோதரியாக ஏற்றுப் பழக்கும் பகுதி படத்தில் சில நிமிடங்களில் பறந்துவிடுகிறது. விசிறியை வீசினாள், தவறவிட்டாள், மீண்டும் வீசினாள், பிடித்தாள், கெய்ஷாவாகிவிட்டாள். பிறகு பெரிய அரங்கில் உயரமான கட்டைச் செருப்போடு, காகிதப் பனி பொழிய, நீலவொளியில் அவள் தனியாக ஆடும் ஆட்டம் கண்ணைக் கவருகிறது. ஆனால் கியோனில் வழங்கும் இனோவே மரபின் ஆட்டம், முழங்கால் மடங்கிய நிலையில், தரையோடு ஒட்டி, சிறு அசைவில் பெரிய பொருளை அடக்குவது. அமெரிக்க மேடையின் இசைநாடகத்திலிருந்து வந்த இயக்குநருக்கு அந்த அடக்கம் போதவில்லை போலும். அவள் எந்தக் கதைக்கு ஆடுகிறாள், யாரிடம் கற்றாள் என்பதும் நமக்குத் தெரிவதில்லை.

ஒரு கலைக்காரியின் கல்வியை எவ்வாறு எழுதலாம் என்பதற்கு நம்மிடம் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இருக்கிறது. மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். அவள் ஆடுவதைச் சொல்வதற்கு முன்பாகவே ஆடலாசான், இசையாசான், கவிஞன், முழவு வாசிப்பவன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இளங்கோ வரிசையாகச் சொல்கிறார். அரங்கத்துக்கு ஏழுகோல் அகலம், எட்டுக்கோல் நீளம், ஒருகோல் உயரம் என்று அளவு கொடுக்கிறார். அதற்கும் போதாதென்று, அந்த வரிகளுக்கு இசையும் கூத்தும் விளங்க உரை எழுதிய அடியார்க்குநல்லார், விசயமங்கலத்தை அடுத்த நிரம்பை ஊரினர் என்று கொங்கு நாட்டார் உரிமை கொண்டாடுபவர். எங்கள் ஊரிலிருந்து அது அதிகத் தொலைவில்லை. அந்த உரையைப் படித்து வளர்ந்த மண்ணிலிருந்து பார்ப்பதாலோ என்னவோ, ஒரு கலைஞரின் கதையில் கலையைக் காணோமே என்ற ஏக்கம் எனக்குக் கூடுதலாகவே இருந்தது.

அதே காதையின் முடிவில் நடப்பது இந்தப் படத்தின் நடுப்பகுதிக்கு மிக நெருக்கமானது. அரசன் மாதவிக்குத் தலைக்கோல் பட்டத்தோடு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் மாலையும் தருகிறான். அந்த மாலையை ஒரு கூனி, நகரத்துச் செல்வர்கள் உலவும் தெருவில் நின்று விலை கூறுகிறாள். மாலையை வாங்குபவனுக்கு மாதவி. கோவலன் வாங்குகிறான். படத்தில் சாயூரியின் கன்னிமைக்கு ஏலம் கேட்கிறார்கள். அதுவரை எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத தொகை கிடைக்கிறது. அந்தப் பணம் அவள் பாக்கியைத் துடைத்து, அவளை அந்த வீட்டின் வாரிசாகவும் ஆக்குகிறது. இளங்கோ மாலையை விற்கும் வரிகளை ஓசையின்றிக் கடந்து போகிறார். நமக்குத்தான் நெஞ்சு அடைக்கிறது. மார்ஷலோ இதை ஒரு வெற்றியாகக் காட்டுகிறார். இசை உயர்கிறது, ஹட்சுமோமோ தோற்கிறாள், நாம் மகிழ வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அத்தை மகிழவில்லை. எழுந்துபோய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

இந்த ஏலத்தைப் பற்றி ஒரு வழக்கும் இருந்தது என்பதைப் பார்ப்பவர்கள் அறிந்திருப்பது நல்லது. நாவலுக்காகக் கோல்டன் நேர்கண்டவர்களில் முதன்மையானவர், கியோனில் புகழ்பெற்ற கெய்ஷாவாக இருந்து ஓய்வுபெற்ற மினெகோ இவாசாகி. தம் பெயரை வெளியிடுவதில்லை என்ற உறுதியை மீறி நன்றியுரையில் குறிப்பிட்டதாகவும், தங்கள் தொழிலை விலைமாதர் தொழில்போலத் திரித்துக் காட்டியதாகவும் சொல்லி, 2001இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2003இல் அது சமரசத்தில் முடிந்தது. இடையில் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். தமக்கு அப்படி ஓர் ஏலம் நடக்கவே இல்லை என்பது அவர் வாக்கு. ஓர் அமெரிக்க ஆண், ஜப்பானியப் பெண் ஒருத்தி தன் வாயால் சொல்வதாக எழுதிய கதையை, இன்னோர் அமெரிக்க ஆண் படமாக்கியிருக்கிறார் என்ற நினைவோடு பார்த்தால் பல காட்சிகளின் சாய்வு புலப்படும்.

அந்தச் சாய்வு மிகுதியாகத் தெரிவது காதலில். பாலத்தின் மேல் அழுதுகொண்டிருக்கும் சிறுமிக்கு நடுவயதை நெருங்கும் சேர்மன் பனிச்சீவல் இனிப்பு வாங்கித் தருகிறார். கைக்குட்டையில் சில்லறை சுற்றிக் கொடுக்கிறார். கென் வாட்டனாபேயின் கனிவான முகத்தால் அது இனிய காட்சியாகவே இருக்கிறது, அதுவரை மட்டும் பார்த்தால். ஆனால் அந்தக் கருணைக்கு ஈடாக அந்தக் குழந்தை தன் ஆயுளையே எழுதிக்கொடுப்பதும், தம் நண்பர் நோபுவுக்காக ஒதுங்கி நின்ற அவர் கடைசியில் தோட்டத்தில் வந்து, மமேஹாவை உன்னிடம் அனுப்பியதே நான்தான் என்று சொல்வதும், காதலின் நிறைவேற்றமாக எனக்குப் படவில்லை. ஒரு வீட்டின் பற்றுப் புத்தகத்திலிருந்து அவள் பெயர் இன்னொருவருடைய புத்தகத்துக்கு மாற்றி எழுதப்பட்டது, அவ்வளவே. அந்த நோபுவாக வரும் கோஜி யகுஷோ, தழும்பேறிய முகத்தோடும் முரட்டு நேர்மையோடும், படத்திலுள்ள ஆண்களில் மனிதராகத் தெரிகிற ஒரே ஆள். அவரைத்தான் கதை ஏமாற்றுகிறது.

மூன்று முக்கியக் கெய்ஷாக்களாக நடித்தவர்களில் இருவர் சீனர். மமேஹாவாக மிக நிதானமாக நடித்த மிஷெல் யோ மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர். இதனால் ஜப்பானில் முணுமுணுப்பு எழுந்தது. சீனாவில் படம் வெளியாகவே இல்லை. எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறார்கள், ஆளுக்கொரு உச்சரிப்பில். வடக்கிலிருந்து வந்த கதாநாயகி வாயசைக்க, வேறொருவர் குரலில் அவள் நம் கிராமத்துப் பெண்ணாவதைப் பல்லாண்டாகப் பார்த்துப் பழகிய நமக்கு, இதில் கல்லெறியும் தகுதி குறைவு. ஜான் வில்லியம்ஸின் இசையில் யோ-யோ மாவின் செல்லோ தனித்து ஒலிக்கும் இடங்கள் கேட்கத்தக்கவை.

போர்ப் பகுதி அவசர அவசரமாக ஓடுகிறது. 1944இல் அரசு ஆணையால் கேளிக்கை விடுதிகள் மூடப்பட்டு, கெய்ஷாக்கள் ஆலை வேலைக்கும் வயல் வேலைக்கும் போன வரலாறு தனியாக ஒரு படத்துக்குத் தாங்கும். இங்கே அது சில நிமிடங்கள்தான். ஆனால் அந்தச் சில நிமிடங்களில், மலையடிவாரத்தில் கிமோனோ செய்பவர் ஒருவரிடம் சாயூரி வேலை செய்யும் காட்சி இருக்கிறது. ஆற்று நீரில் நீளநீளமான பட்டுத்துணிகளை விரித்து அலசுகிறாள். படம் முழுவதிலும் அவள் யாருக்காகவும் அழகாக இருக்க வேண்டியிராத இடம் அது. கை சிவந்து, முடி முகத்தில் விழுந்து கிடக்கிறது. சாயச் சித்திரம் தீட்டிய பட்டின் மேலுள்ள அரிசிப் பசையும் மிகைச் சாயமும் கரைந்தோட, ஆற்றின் நீரோட்டத்தில் அலசுவது கியோட்டோவின் பழைய தொழில்முறை. ஊருக்கு நடுவே ஓடும் கமோ ஆற்றிலேயே அது நடந்துவந்தது. தண்ணீர் கெடுகிறது என்று பின்னர் நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் ஊருக்கு அருகில்தான் ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போன அணை. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரைக்கும் ஆற்றில் என்ன நிறம் வந்தது என்பதைப் பார்த்து வளர்ந்தவன், சாயத்துணி அலையும் ஓர் ஆறு தெளிந்து ஓடுவதைத் திரையில் கண்டால் அதை வெறும் அழகு என்று கடந்துவிட முடியாது. எனக்கு அந்தக் காட்சியில் தொண்டை வறண்டது. அத்தைக்கு வேறு நினைவு. சிறுவயதில் பவானி ஆற்றில் தம் தாயோடு நூல் அலசப் போனதைச் சொன்னார். துணியின் நுனியைப் பிடித்திருக்கும் சாயூரியின் விரல்களைப் பார்த்து, “இப்பத்தானுங் சரியா புடிச்சிருக்குது” என்றார். அதற்குப் பிறகு வந்த அமெரிக்கப் படைத்தலைவன், தீவுப் பயணம், தோழி செய்த துரோகம், தோட்டத்து முத்தம் எதிலும் அவருக்கு ஈடுபாடில்லை. பாதியில் கண்ணயர்ந்துவிட்டார். மறுநாள் காலையில் தறிமேடையைத் துடைத்துவிட்டு வந்து, அந்த ஆற்றுக் காட்சியை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். இரண்டு தடவை போட்டோம்.